வடத்தின் பக்கக் கயிறுகளுக்கு ஒரு பெயர்: பிடிகயிறு

வணக்கம் நண்பர்களே,

சனிக்கிழமை ராயபுரத்தில் பிள்ளைகளுக்கு 'மேன் ஆன் வயர்' ஆவணப்படத்தைத் திரையிடுகிறோம். படத்தோடு கொடுக்கும் நாலு பக்கக் குறிப்பில் ஒரே ஒரு சொல்தான் இன்னும் முடிவாகவில்லை.

1974 ஆகஸ்ட் 7 காலை, பிரெஞ்சுக் கயிற்று நடைக் கலைஞர் பிலிப் பெத்தி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, 110 மாடி உயரத்தில் கட்டிய வடத்தின் மேல், முக்கால் மணி நேரம் போவதும் வருவதுமாக நடந்தார். கீழே வலை கிடையாது. முதல் நாள் இரவு ஒரு கூரையிலிருந்து எதிர்க் கூரைக்கு அம்பு எய்து தூண்டில் நூலைக் கடத்தினார்கள். அந்த நூலில் கயிறு, கயிற்றில் இன்னும் தடித்த கயிறு, கடைசியில்தான் இரும்பு வடம். மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். பல புரிகளை முறுக்கிச் செய்த வடம் அது. இழுத்துக் கட்டினால் முறுக்கு அவிழப் பார்க்கும், தன்னைத்தானே சுற்றப் பார்க்கும். காற்றில் கோபுரங்களும் லேசாக அசையும். அதனால் வடத்தின் நடுவில் சில இடங்களில் கயிறு கட்டி, இரு பக்கமும் சாய்வாக இழுத்துக் கட்டிடத்தில் இறுக்குகிறார்கள். வடம் ஆடாது, புரளாது. வடத்தில் நடப்பவர்கள் இதைக் கவலெட்டி என்கிறார்கள். இதற்குத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இதுவரை நீங்கள் அனுப்பிய சொற்களில் 'தாங்குகயிறு' எனக்குச் சரியாகப் படவில்லை. நடப்பவரின் எடையை ஏந்துவது வடம். இந்தக் கயிறு போடுவது தாங்குவதற்காக இல்லை. பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். 'அசைவுத்தடுப்பி' பொருளில் சரி, ஆனால் அதில் கயிறே கண்ணுக்குத் தெரியவில்லை. தண்டையார்பேட்டை நண்பர் சொன்ன 'ஸ்டே கம்பி' நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது, மின்கம்பத்துக்குச் சாய்வாகக் கட்டியிருப்பதுதான். வேலையும் கிட்டத்தட்ட அதே வேலை. ஆனால் குறிப்பில் கம்பி என்ற சொல்லையே நான் தவிர்க்கப் பார்க்கிறேன். பெத்தியைக் காவலர்கள் பிடித்துப்போனதும் அதே பக்கத்தில் வருகிறது. அங்கே கம்பி என்றால் நம் பிள்ளைகளுக்குக் கம்பி எண்ணுவதுதான் நினைவுக்கு வரும். நடப்பதற்கு 'வடம்' இருக்கிறது. தேர் இழுத்த ஊருக்கு அது போதும்.

என் பரிந்துரை: பிடிகயிறு.

தெருமுனையில் கட்சிக் கொடிக்கம்பம் நடுவதைப் பாருங்கள். கம்பத்தின் மேல்பாதியில் கயிறு கட்டி, நாலு பக்கமும் ஆள் நின்று இழுத்துப் பிடிக்கிறார்கள். கம்பத்தின் எடையை மண் ஏற்கிறது. கயிறு பிடிப்பவர்கள் அதைச் சாயவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். "புடி, புடி, உடாத" என்ற குரல் வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த யாருக்கும் காதில் கேட்கும். நமக்கு வேண்டிய சொல் அந்தக் குரலிலேயே இருக்கிறது.

இலக்கணமும் இடம் தருகிறது. பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் கயிறு: வினைத்தொகை. குறுந்தொகை 7-ஆம் பாட்டில் கழைக்கூத்தர் கயிற்றில் ஆடும்போது கொட்டும் பறையை 'கயிறாடு பறை' என்றார்கள். உருபு எதுவும் இல்லாமல் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது! ஒற்று மட்டும் நுழையக் கூடாது. 'பிடிக்கயிறு' என்று எழுதினால் கைப்பிடிக்கான கயிறு என்றோ பெண்யானையைக் கட்டும் கயிறு என்றோ ஆகிவிடும். அச்சுக்குக் கொடுக்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

முந்தாநாள் அக்கா எழுதியது:

> பிடி என்றதும் நடப்பவர் கையால் பிடித்துக்கொள்ளும் கயிறு என்று பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பெத்தியின் இரண்டு கையும் நீண்ட சமன்கோலில் இருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அந்த நடையை அப்போது யாரும் ஓடும் படமாக எடுக்கவில்லை, நிழற்படங்கள்தான் உண்டு. அதனாலேயே ஒவ்வொரு காட்சியையும் கண் நிதானமாகப் பார்க்கிறது. இருந்தாலும் அக்கா சொல்வதற்காகக் குறிப்பில் ஒரு கோட்டுப்படம் சேர்த்து, "பிடிகயிறு: வடத்தை ஆடாமலும் புரளாமலும் பிடித்து நிறுத்தும் பக்கக் கயிறு" என்று அடியில் எழுதிவிடலாம்.

சின்ன வயதில் எங்கள் தெருவில் கழைக்கூத்து பார்த்திருக்கிறேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி கயிற்றில் நடந்தாள், கீழே அவள் அப்பா மேளம் தட்டினார். குறுக்கே நட்ட மூங்கில்கள், இரண்டு முனையிலும் முளையடித்த கயிறு, அவ்வளவுதான். நீளம் குறைவு, அதனால் பக்கக் கயிறு தேவைப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கென்று நம்மிடம் பேர் இல்லாமல் போயிற்று. அந்தப் பெண்ணைப் பற்றியும் குறிப்பில் நாலு வரி எழுத ஆசை. இடம் இருக்கிறதா என்று பக்கம் அமைப்பவர் சொல்லவேண்டும்.

வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். இல்லையென்றால் மூன்றாம் பக்கத்தில் 'கவலெட்டி' வரும் இடமெல்லாம் 'பிடிகயிறு' என்று மாற்றிவிடுகிறேன்.