புல்லுல மஞ்சள் வட்டம்: இரவில தண்ணி விடுறதாலயோ? (தெஹிவளை)

தெஹிவளை வாணி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு முன்பக்கம் ஒண்டரைப் பேர்ச் அளவில மலேசியன் புல்லுப் போட்டிருக்கிறம். மழை இருந்த வரைக்கும் பச்சைப் பசேலெண்டு நிண்டது. தை பிறந்து மழை நிண்ட கையோட மஞ்சள் விழத் தொடங்கீற்று. முதல்ல ஒரு இடத்தில தோசையளவு வட்டம். இப்ப கேற்றுப் பக்கம் மூண்டு நாலு வட்டம் ஒண்டோட ஒண்டு முட்டிக்கொண்டு கிடக்குது. நடுவில வைக்கோல் நிறம், விளிம்பில கடும் பழுப்பு.

வேலையால வந்து இரவு எட்டரை போலதான் ஹோஸ் பிடிக்கிறன். ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம் விடாமல் ஊத்துறன். பகல்ல எங்கட ஒழுங்கையில பைப்பில பிரஷர் இல்லை, இரவிலதான் நல்லா வரும். மாமி சொல்லுறா பின்னேரம் நாலு மணிக்கு ஊத்தோணுமெண்டு. பக்கத்து வீட்டு அங்கிள் மத்தியானம் ஊத்தினாத்தான் புல்லுக் குளிருமாம். யூரியூப்பில ஒருத்தர் விடியப்புறம் எண்டுறார். ஆர் சொல்லுறது சரி?

கல்கிசை பாஷா

மத்தியானம் மட்டும் வேணாம் தங்கச்சி. பகல் ஏற ஏற கடல் காத்து அடிக்குது, நீங்க விசிறுற தண்ணில ஒரு பங்கு காத்தோட போகும், ஒரு பங்கு வெயில்ல ஆவியாப் போகும். காசு கொடுத்து வாங்கற தண்ணி.

ஆனா "வெயில்ல தண்ணித் துளி லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு இலையை எரிச்சிடும்"னு ஒரு கதை சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. 2010ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. வழுவழுப்பான இலைல எரியவே இல்ல. மெல்லிய மயிர் உள்ள இலைலதான், துளி இலைல படாம மயிர் மேல தூக்கி நிக்கிறதால, எரியிற வாய்ப்பு இருந்திச்சு. அதனால மத்தியானம் வேண்டாம்கிறது நஷ்டத்துக்காக மட்டும்.

ஹட்டன் தோட்டக்காரன்

நேரத்தைச் சொல்றதுக்கு முந்தி நோய் என்னான்னு பார்க்கணும். கொழும்புல வீட்டுத் தோட்டம், கோல்ஃப் புல்லு ரெண்டும் பார்த்தவன் நான். மஞ்சள்னு சொன்னா நாலஞ்சு காரணம் இருக்கு. இதைச் செஞ்சு பார்த்துச் சொல்லுங்க அக்கா.

நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு, பனி காயிறதுக்கு முன்ன, வட்டத்து விளிம்புல குனிஞ்சு பாருங்க. அப்புறம் அந்த மஞ்சப் புல்லைக் கைநிறையப் பிடிச்சு இழுங்க. வேரில்லாமக் கழண்டு வந்தா அடியில வெள்ளைப் புழு வேரைத் தின்னுது. நாய் வளக்குறீங்களா? நாய் மூத்திரத்துல நடு கருகும், ஆனா சுத்தியுள்ள விளிம்பு நல்ல கரும்பச்சையா வரும், உங்களது அப்படித் தெரியல. ஒரு ஸ்க்ரூ டிரைவரை மண்ணுல குத்தி எவ்வளவு தூரம் இறங்குதுன்னும் பாருங்க. கடைசியா, பத்து லீட்டர் வாளி ஒண்ணு உங்க ஹோஸ்ல நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்குது?

தெஹிவளை வாணி

அண்ணா, பாத்தன். விளிம்பில புல்லுக்கு இடையில வெள்ளை வெள்ளையா நூல் படர்ந்து கிடந்தது. எட்டு மணிக்குப் போய்ப் பாத்தா ஒண்டையும் காணேல்லை! இழுத்தா வேரோட இறுக்கமா நிக்குது. நாய் இல்லை, ஒழுங்கையில ஒரு பூனைதான் உலாத்தும். ஸ்க்ரூ டிரைவர் ஒரு அங்குலம் சுகமா இறங்கிச்சு, அதுக்குக் கீழ கல்லு மாதிரி. வாளி நிரம்ப ஒரு நிமிசம்.

ஹட்டன் தோட்டக்காரன்

அப்போ பங்கஸ்தான், அதாவது பூஞ்சணம். அந்த வெள்ளை நூல் அதோட உடம்பு. வெயில் பட்டதும் சுருங்கி மறைஞ்சிடும், அதனாலதான் யாரும் பார்க்கிறதில்ல. கரும்பழுப்பு விளிம்பு எங்க இருக்கோ அங்கதான் அது இப்ப தின்னுக்கிட்டு இருக்கு.

பங்கஸுக்கு முக்கியமா வேணும்கிறது இலை தொடர்ந்து ஈரமா இருக்கிறது. எத்தனை லீட்டர் ஊத்துறீங்கங்கிறதை விட எத்தனை மணித்தியாலம் இலை காயாம இருக்குங்கிறதுதான் கணக்கு. கொழும்புல ராத்திரிக் காத்து சும்மாவே ஈரம். நீங்க ஒண்ணும் ஊத்தாட்டியும் பின்சாமத்துல பனி விழுந்து இலை நனையும், காலைல எட்டு, எட்டரைக்குக் காயும். அது இயற்கையா வர்ற ஈரம், புல்லு தாங்கும். நீங்க எட்டரைக்கு ஊத்தினா பனி விழுறதுக்கு முன்னாலயே நாலஞ்சு மணித்தியாலத்தைக் கூட்டிக் கொடுக்கிறீங்க. பன்னிரண்டு மணித்தியாலம் ஈரம்!

விடியக்காலைல, பனி ஏற்கெனவே கிடக்கிற நேரம் ஊத்தினா இலை ஈரமா இருக்கிற நேரம் கூடாது. நனைஞ்சதைத்தானே நனைக்கிறீங்க. இன்னொண்ணு இருக்கு. காலைல புல்லு நுனில உருண்டையாத் தொங்குற துளி எல்லாமே பனி இல்ல. புல்லு தானே வேர் வழியா எடுத்து நுனில தள்ளுற நீரும் அதுல இருக்கு. அதுல சர்க்கரை, அமினோ அமிலமெல்லாம் கரைஞ்சிருக்கும், பங்கஸுக்கு நல்ல சாப்பாடு. காலைல ஊத்துற தண்ணி அதைக் கழுவி விட்டுடும். ஆகவே அஞ்சரைல இருந்து ஆறரைக்குள்ள ஊத்துறதுதான் ஆகச் சிறந்தது. காத்தும் அந்நேரம் அடங்கி இருக்கும். மாமி சொல்ற நாலு மணி ரெண்டாவது வழி, அந்திக்குள்ள இலை காய்ஞ்சா தப்பில்ல. ராத்திரி மட்டும் கூடாது.

இப்ப அளவுக்கு வாங்க. இதுலதான் பெரிய சிக்கல். ஒண்ணரைப் பேர்ச்னா 38 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லீட்டர் ஊத்தினா ஒரு மில்லிமீட்டர் மழை. நீங்க பத்து நிமிஷத்துல ஊத்துறது 100 லீட்டர், அதாவது ரெண்டரை மில்லிமீட்டர் சொச்சம். அது இலையையும் மேல் மண்ணையும் நனைச்சிட்டு நின்னுடுது. ஸ்க்ரூ டிரைவர் சொன்னதும் அதைத்தான். வேர் அந்த ஒரு அங்குலத்துலயே சுருண்டு கிடக்கு, அதனாலதான் ஒரு நாள் வெயில் தாங்கல. வறட்சி நேரம் புல்லுக்கு வாரம் 25 மில்லிமீட்டர் அளவு போதும், அதை ரெண்டு தடவையாப் பிரிச்சு ஆழமா ஊத்துங்க. ஒரு தடவைக்கு 450 லீட்டர் சொச்சம், உங்க பைப்புல முக்கா மணி நேரம். கொழும்புல பல வீட்டுக் காணில மேல ரெண்டு அங்குலம் நல்ல மண்ணு, அடியில அடைச்ச கிறவல். தண்ணி ஓடிப் போச்சுன்னா நிறுத்தி, இருபது நிமிஷம் ஊற விட்டு மறுபடி விடுங்க.

யூரியா போட்டுக்கிட்டு இருந்தா இப்போதைக்கு நிப்பாட்டுங்க. புல்லு வெட்டினா காய்ஞ்சிருக்கும்போது வெட்டுங்க, மொட்டை அடிக்காதீங்க. மருந்துக்கு இப்பவே ஓட வேணாம்.

பம்பலப்பிட்டி அன்ரி

எல்லாம் சரி தம்பி, அஞ்சரைக்கு 450 லீற்றர் போனா வீட்டில ஆர் குளிக்கிறது? அவவின்ர வீட்டில ஆயிரம் லீற்றர் டாங்க் எண்டு வையுங்கோ. பள்ளிக்கூடப் பிள்ளையள், ஒஃபிசுக்குப் போறாக்கள், குசினி, எல்லாம் அந்த நேரம்தான்.

பிள்ளை, புல்லை ரெண்டாப் பிரி. ஒரு நாள் கேற்றுப் பக்கம், மற்ற நாள் சுவர்ப் பக்கம். ஒரு விடியலுக்கு 230 லீற்றர்தான் வரும், இருபத்திமூண்டு நிமிசம். கிழமையில நாலு விடியல். இரவு வாற தண்ணியில டாங்க் நிரம்பும், காலமை அதை எடு. டாங்கில இருந்து வாற தண்ணிக்குப் பிரஷர் வேற, அதால வாளி வைச்சு நேரத்தைத் திரும்ப அளந்து பார்.

வரட்சி முத்தினா அதையும் குறை. களனி கங்கையில நீர்மட்டம் இறங்கினா கடல் தண்ணி, கொழும்புக்குக் குடிதண்ணி எடுக்கிற அம்பத்தளைப் பக்கம் ஏறும், மண் மூட்டை அடுக்கித் தடுப்பினம். அப்ப தோட்டத்துக்கு ஊத்த வேண்டாம் எண்டு நீர் வழங்கல் சபையே கேக்கும். புல்லுக் கொஞ்சம் வாடினாலும் மழைக்குத் துளிர்க்கும்.

கல்கிசை பாஷா

அளவு பார்க்க மீன் ரின் ரெண்டு மூணு புல்லுல வச்சு ஊத்துங்க, நேர் சுவர் ரின்னா இருக்கணும். அடிமட்டத்தால அளந்தா எத்தனை மில்லிமீட்டர்னு தெரியும், எந்த மூலைக்குத் தண்ணி போகலன்னும் தெரியும். அளந்ததும் கவுத்து எடுத்து வச்சிடுங்க. தண்ணியோட விட்டா ஒரு கிழமை, பத்து நாள்ல டெங்கு நுளம்பு பறக்கும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா புல்லைப் பார்க்க மாட்டார், ரின்னைத்தான் பார்ப்பார். 2007ம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்துல வழக்கே போடலாம்.

தெஹிவளை வாணி

கொஞ்ச நாளா அன்ரி சொன்ன மாதிரி பாதி பாதியா விடியத்தான் ஊத்துறன். வட்டங்கள் பெருக்கிறது நிண்டிட்டுது. பழுப்பு விளிம்பு மங்கிப் போச்சு, வெள்ளை நூலையும் காணேல்லை. ஸ்க்ரூ டிரைவர் இப்ப மூண்டு அங்குலம் இறங்குது. ஆனா நடுவில வைக்கோல் அப்படியே கிடக்குது. அது திரும்பி வருமோ? பங்குனி, சித்திரையில பின்னேர இடி மழை வந்தா இரவு முழுக்க நனையுமே, அப்ப என்ன செய்யிறது அண்ணா?

ஹட்டன் தோட்டக்காரன்

செத்த இலை பச்சையாகாது அக்கா. அதை மெதுவா வாரி எடுத்துடுங்க, காத்துப் படட்டும். மலேசியன் புல்லு தரையோட கொடி ஓடும், விளிம்புல இருந்து உள்ளுக்கு வந்து மூடிடும். அவசரம்னா நல்ல பக்கத்துல இருந்து கையளவு பத்தையா வெட்டி நடுங்க.

இடி மழை தொடங்கிட்டா ஹோஸைச் சுருட்டி வச்சிடுங்க. மழையை நிறுத்த முடியாது, காலைல ஈரத்தைச் சீக்கிரம் விரட்டலாம். கோல்ஃப் புல்லுல நீள மூங்கில் கம்பால தட்டிப் பனியை உதறுவோம். உங்களுக்கு ஈர்க்குமாறு போதும், பல்லு விளக்கிக்கிட்டே ஒரு தடவை மேலோட்டமாத் தடவி விடுங்க. வட்டம் மறுபடி வந்தா அதை மட்டும் கடைசியாத் தடவுங்க, இல்லாட்டி அந்த நோயைத் துடைப்பமே மத்த இடத்துக்குக் கொண்டு போகும்.