மெம்ஃபிஸ்ல பாத்த அம்மாவும் 1968 குப்பை ஸ்ட்ரைக்கும்

அமெரிக்கக் கறுப்பினத்தவங்க உரிமைக்குப் போராடுன இடங்கள்னு பேச்சு வந்தா, எல்லாரும் 1965ல ஓட்டுரிமைக்காக ஊர்வலம் போன செல்மா பாலத்தைப் பாத்த கதையா சொல்றாங்க, நான் டென்னசி மாநிலத்துல இருக்குற மெம்ஃபிஸ் ஊர் கதை சொல்றேன். ஒரு ப்ராஜெக்ட்டுக்காக கொஞ்ச மாசம் அங்க இருந்தேன். மார்ட்டின் லூதர் கிங்கை சுட்ட லொரைன் மோட்டல் இப்ப ம்யூசியம், போனேன், அது பத்தி நெட்லயே நிறைய கிடக்கு விடுங்க. அன்னிக்கே க்ளேபோர்ன் டெம்பிள்னு ஒரு பழைய சர்ச்சுக்கும் போனேன் (2025 ஏப்ரல்ல அது எரிஞ்சு போச்சு, நான் போனப்ப நின்னுச்சு), பக்கத்துல சின்னதா ஒரு பிளாசா, 1968ல ஸ்ட்ரைக் பண்ண குப்பை அள்ளுற ஆளுங்க பேரெல்லாம் அங்க வெட்டி வச்சிருக்காங்க, ஆயிரத்துக்கு மேல.

அங்க ஒரு கறுப்பினத்து அம்மா, எழுபது வயசு தாண்டிருக்கும், ஒரு பேரை விரலால தடவிட்டு இருந்தாங்க. யாருங்கனு கேட்டேன், எங்க அப்பானு சொல்லி உக்கார வச்சுப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்பல்லாம் வீட்டுக் கொல்லைல இருந்து குப்பையை டப்புல தலைல தூக்கிட்டு வரணுமாம், டப்பு ஓட்டை, அழுகுன தண்ணி கழுத்துல இறங்கும், புழு சட்டைக்குள்ள போகும். சாயங்காலம் அவங்கப்பா வந்தா அவங்கம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க, பின்வாசல்லயே எல்லாத்தையும் கழட்டணும். சம்பளமோ முழுநேரம் உழைச்சும் சிலர் அரசாங்க உதவி வாங்குற அளவுக்குத்தான்.

1968 பிப்ரவரி 1, நல்ல மழை. எக்கல் கோல், ராபர்ட் வாக்கர்னு ரெண்டு பேர் மழைக்கு லாரியோட பின்பக்கம் ஒதுங்கிருக்காங்க, குப்பையை அமுக்குற மெஷின் திடீர்னு ஓடி ரெண்டு பேரையும் நசுக்கிடுச்சு. அந்த லாரிங்க பழசு, ஆபத்துன்னு முன்னாடியே கம்ப்ளெயின்ட் பண்ணிருந்தாங்க, யாரும் கேக்கல. 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகல. மேயர் ஹென்றி லோப் யூனியனையே ஏத்துக்க மாட்டேன்னு நின்னாரு. 'ஐ ஆம் எ மேன்', அதாவது நானும் மனுஷன்தான்னு அட்டை பிடிச்சு நடந்தது இவங்கதான், கிங் அந்த ஊருக்கு வந்ததே இவங்களுக்காகத்தான். நம்மள்ல பாதிப் பேருக்கு கிங்கை சுட்ட ஏப்ரல் 4 தெரியும், பிப்ரவரி 1 தெரியாது, எனக்கு அதுதான் உறுத்துது.

ஏப்ரல் 16ல சிட்டி நிர்வாகம் இறங்கி வந்துச்சு, யூனியனை ஒத்துக்கிட்டு சம்பளமும் ஏத்துனாங்க. அப்ப ஜெயிச்சுட்டீங்கன்னு சொன்னேன், அந்தம்மா சிரிச்சாங்க. சிட்டி பென்ஷன் இல்லாம மத்திய அரசு குடுக்குற சோஷியல் செக்யூரிட்டி ஓய்வுத்தொகை மட்டும்தானாம், அது பத்தாம சில பேர் எண்பது வயசுலயும் லாரி ஓட்டிட்டு இருந்தாங்களாம். 2017லதான் உயிரோட இருந்த கொஞ்ச பேருக்கு சிட்டி ஒரு தொகை குடுத்துச்சு. "எங்கப்பா அதுக்கு ரொம்ப முன்னாடியே போய்ட்டாரு, அந்தக் காசு வந்திருந்தாலும் முதல்ல நல்ல ஷூ ஒண்ணு வாங்கிட்டு மறுபடி வேலைக்குத்தான் போயிருப்பாரு"னு சொன்னாங்க.