பிரட்டு மணி அடிச்சா டிராகனும் காத்திருக்கணும்

நிரைக்காரன்:
கற்பனை உலகம் கட்டி, பகடை உருட்டிக் கதை நடத்துற டேபிள்டாப் ஆட்டம் ஆடுறவங்களே, உங்க மேசையில எந்தச் சின்ன விவரம் ஆட்டத்தையே திருப்பிச்சு? சொல்லுங்க. முதல்ல என்னோடது.

நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் ஆளுங்க. சனிக்கிழமை ராத்திரி கடை மூடினப்புறம் மாடியில ஆட்டம், கதையை நடத்துற கேம் மாஸ்டர் நான்தான். எங்க உலகத்துல ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினா வெளிச்சமான பால் வடியும். விளக்குக்கும் மந்திரத்துக்கும் அதுதான் எண்ணெய். வெயில் ஏறினா பால் நின்னுடும். நம்ம ரப்பர் மரத்தைத்தான் அப்படியே தூக்கி வச்சேன். விடியுமுன்ன மரத்துக்குள்ள நீரழுத்தம் அதிகம், பால் நல்லா ஓடும். அதனாலதானே பாட்டிமார் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுலயே நிரைக்கு, அதாவது அவங்க வெட்டுற மர வரிசைக்குப் போனாங்க. கோல கங்சார் ஊர்ல 1877இல் நட்ட ரப்பர் மரங்கள்ல ஒண்ணு இன்னும் நிக்குதில்ல, அதைப் பார்த்துட்டு வந்து அரண்மனை ஓரத்துல தாய்மரம்னு ஒண்ணுக்கு வேலியும் போட்டேன்.

வீரர்கள் நடுராத்திரியில ஊருக்குள்ள வந்தாங்க. காட்டுல ஒரு பேய், ஊர்க்காரங்க உதவி வேணும். நாலு மணிக்குப் பிரட்டு மணி, வேலைக்கு ஆள் கூப்பிடுற மணி, அடிச்சிடுச்சு. ஊரே உளியும் வாளியுமா கிளம்புது. மாவீரன் குறுக்க நின்னு, "உங்களுக்கு ஆபத்து!"ன்னு ஆரம்பிச்சார். கங்காணி நிக்கவே இல்ல. "ரெண்டு நாளா மழை, வெட்டு இல்ல. இன்னைக்கும் விட்டா கூலி யார் குடுப்பா? பாலை எடை போட்டு முடிச்சப்புறம் வாங்க."

சரி, கங்காணியைக் கைக்குள்ள போட்டுக்கலாம்னு திருடன் ஆடுற தம்பி ஒரு வழி சொன்னான்: பாலில தண்ணி கலந்தா நிறை ஏறும், மழை நாள் நட்டம் தீரும். சூனியக்காரி ஆடுற அக்கா சிரிச்சுட்டாங்க. அவங்க அம்மா பால்மரம் வெட்டினவங்க. "டேய், கணக்கு எழுதற கிராணி, பால்ல எவ்வளவு ரப்பர்னு காட்டற மெட்ரோலாக்குங்கற கண்ணாடிக் குழாயை உள்ள விடுவார்டா. தண்ணி கலந்த பால்ல அது கொஞ்சம் மேலயே மிதக்கும். கூலி பாலுக்கில்ல, அதுல இருக்கற ரப்பருக்கு." அப்புறம் என்ன, பேயை எல்லாரும் மறந்தாச்சு. மந்திரத்தைப் பால் மேல போடாம அந்தக் கண்ணாடிக் குழாய் மேல போட்டாங்க. பகடையில வெறும் ரெண்டு விழுந்து மந்திரம் சொதப்பிடுச்சு. குழாய் கிராணி கையிலேயே பாட ஆரம்பிச்சிடுச்சு.

ஆடுறவனை ஏதாவது ஒரு முடிவெடுக்க வச்சாத்தான் விவரம் ஒட்டுது. ராஜவம்ச வரலாறு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கேன், ஒருத்தரும் கேட்டதில்ல.

கணக்கு டீச்சர்:
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற டேபிள்டாப் ஆட்டத்தோட ஐந்தாம் பதிப்பு, 2014 விலைப்பட்டியலை ஒரு தடவை கூலிக்காரர் கண்ணால படிச்சுப் பாருங்க. தொழில் பழகாத ஆளுக்கு நாளைக்கு 2 வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு ஒரு தங்கம். காயம் ஆத்துற மருந்து ஒரு குப்பி 50 தங்கம். வாயைக் கட்டி வயித்தைக் கட்டினாலும் 250 நாள் கூலி! நீண்ட வாள் 75 நாள். பயணத்துக்குக் கட்டிக்கிற உலர் சாப்பாடே ஒரு நாளைக்கு 5 வெள்ளிக்காசு.

எங்க வீரர் சிராய்ப்புக்கு ஒரு குப்பியை ஊர் நடுவுல நின்னு மடக்குனு குடிச்சார். எல்லாரும் பார்த்தாங்க. மறுநாள் கடைக்காரம்மா இட்லிக்கு மூணு மடங்கு சொன்னாங்க, கடன் நோட்டுல அவர் பேரை எழுதவும் மாட்டேன்னுட்டாங்க. ஊர் வதந்தியெல்லாம் சாராயக் கடையிலதான் கிடைக்கும்னு எல்லா ஆட்டத்துலயும் இருக்கு. நான் அதைச் சம்பள நாளுக்கு மாத்திட்டேன். துணிக்காரர், கடன்காரர், பலகாரக்காரர்னு அன்னைக்குத்தான் வெளியாள் வர்றாங்க. சேதி வேணும்னா சம்பளம் போடுற வரைக்கும் காத்திருக்கணும். காத்திருந்தா சாப்பாட்டுச் செலவு. இப்ப எங்க ஆளுங்க நாள்காட்டி எழுதி வச்சு ஆடுறாங்க!

எல்லைக் காவல்:
தோட்டத்து எல்லையில முனீஸ்வரருக்குச் சுருட்டு வச்சிட்டுப் போவோமில்ல, அதே மாதிரி என் காட்டுக்குள்ள போறதுன்னா காவலுக்கு ஏதாவது வைக்கணும். என்ன வைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், கேரக்டர் ஷீட்டுல, அதாவது அவங்கவங்க பாத்திரத்தோட குறிப்புத் தாள்ல எழுதியிருக்கறதுலேருந்து அவங்களே எடுக்கணும். வேற தெய்வத்தோட சின்னத்தை வைக்கலாமான்னு பூசாரி அரைமணி நேரம் வாதாடினார். கடைசியில மந்திரவாதியோட புகையிலை போச்சு. காவல் நிஜமாவே இருக்கான்னு இன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

நெருப்பு வேணும்:
கோவிச்சுக்காதீங்க அண்ணே. பாட்டி பிரட்டுக் கதை சொல்லித்தான் எனக்குச் சோறே ஊட்டினாங்க. சனிக்கிழமை பகடையை எடுக்கறதே அதுலேருந்து தப்பிக்கத்தான். எனக்கு டிராகன் வேணும். கிராணி மாதிரி கணக்குக் கேக்கற ஆள் ஆபீஸ்லயே இருக்காரு.

இன்னொண்ணு. லயத்து வாழ்க்கையை, தோட்டத்து வரிசை வீட்டு வாழ்க்கையை, இனிப்பா எழுதாதீங்க. துரையைப் பார்த்தா சைக்கிளை விட்டு இறங்கணும்னு இருந்ததும் இதே தோட்டத்துலதான். 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துல அதை நிறுத்தணும்னே ஒரு கோரிக்கை வச்சாங்க.

நிரைக்காரன்:
தம்பி, இவ்வளவு நேரம் நாங்க பேசினதை விட இது பெரிய சரக்கு. போன வாரமே எடுத்துக்கிட்டேன்: பிரபுவோட பங்களா முன்னால யாரும் குதிரையில உட்கார்ந்து போகக் கூடாது. மாவீரன் இறங்க மாட்டேன்னுட்டார். அவர் பின்னால வந்த கூலிக்காரங்க எல்லாருக்கும் அரைநாள் கூலி வெட்டு. அவங்க இப்போ கோவமா இருக்கறது பிரபு மேலயா மாவீரன் மேலயான்னு அடுத்த ஆட்டத்துலதான் தெரியும். இனிப்பு எங்க இருக்கு இதுல?

டிராகனும் வருது, கவலைப்படாதே. பால் வெட்டுற காட்டுலதான் இறங்குது. ரப்பர் கன்னு நட்டா உளி வைக்க அஞ்சாறு வருஷம் ஆகும், என் மரத்துக்கும் அதே கணக்குத்தான். உன் மந்திரவாதி அங்க ஃபயர்பால், அந்த நெருப்பு உருண்டை மந்திரம், போடுறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடு. எரிஞ்ச மரத்தை யார் பேர்ல எழுதறதுன்னு கிராணி நோட்டோட நிப்பார்.