லாக்கிங் டெஸ்ட் பாஸ் ஆகியும் ப்ராசஸ் முடியவில்லை: உங்கள் அனுபவங்கள்

குன்னூர்:
தேயிலை ஃபேக்டரியில் விதரிங் ட்ரஃப் (இலையை வாட்டும் தொட்டி) வெப்பநிலையை லாக்காகப் பதியும் பைத்தான் மென்பொருளின் டெஸ்ட். கடைசி வரியில் ஓகே வருகிறது, ஆனால் ப்ராம்ப்ட் (அடுத்த கட்டளைக்கான வரி) திரும்பவில்லை. த்ரெட் என்பது ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை; டீமன் (ப்ராசஸ் முடியக் காத்திருக்கத் தேவையில்லாதது) அல்லாத த்ரெட் ஒன்று உயிரோடு இருந்தால் பைத்தான் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டெஸ்டுக்காக எழுப்பிய சாக்கெட் சர்வர்தான் பெரும்பாலும் காரணம். முதலில் ஷட்டவுன் (சர்வரின் சுழற்சியை நிறுத்தும்), பிறகு சர்வர் க்ளோஸ் (சாக்கெட்டை மூடும்), பிறகு ஜாயின் (த்ரெட் முடியும்வரை காத்திருக்கும்). போர்ட் எண்ணை 0 என்று கொடுத்துவிடுங்கள், காலியான போர்ட்டை ஓஎஸ்ஸே தரும்.

ஊட்டி:
சர்வர் ஓடும் அதே த்ரெட்டிலிருந்து ஷட்டவுனை அழைத்தால் டெட்லாக், தன்னையே காத்து நின்றுவிடும். சர்வ் ஃபாரெவர் (சர்வரின் சுழற்சி) தொடங்கவே இல்லையென்றாலும் ஷட்டவுன் திரும்பாது. செட்டப் (டெஸ்டுக்கான முன்னேற்பாடு) பாதியில் விழும்போது இதில்தான் மாட்டுவோம். போல் இன்டர்வல் (ஷட்டவுன் கேட்கப்பட்டதா என்று சர்வர் பார்க்கும் இடைவெளி) இயல்பாக 0.5 நொடி, டெஸ்டில் 0.01 போதும்.

கோத்தகிரி:
ஜாயினுக்கு 2 நொடி டைம்அவுட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: த்ரெட் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அது நன் (None, வெற்று மதிப்பு) தான் திருப்பித் தரும். அடுத்த வரியிலேயே இஸ் அலைவ் (த்ரெட் இன்னும் ஓடுகிறதா) பார்த்து டெஸ்டை ஃபெயில் பண்ணுங்கள். டீமன் ஆக்கிவிடுவது தீர்வே இல்லை, குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது.

க்யூ லிசனரில் (க்யூவில் சேரும் லாக் பதிவுகளைத் தனி த்ரெட்டில் எடுத்து எழுதுவது) நிறுத்தும் வரிசை இன்னும் முக்கியம். ஸ்டாப், க்யூவின் கடைசியில் ஒரு முடிவுக் குறியைப் போட்டு ஜாயின் செய்யும். அதற்கு முன் வந்த பதிவுகள் எழுதப்படும், பின்னால் வருபவை அப்படியே கிடக்கும். ஆகவே முதலில் லாக் எழுதும் த்ரெட்களை முடித்து, க்யூ ஹேண்ட்லரை (பதிவுகளை க்யூவில் போடுவது) கழற்றி, ஸ்டாப் செய்து, கடைசியில் ஃபைல் ஹேண்ட்லரை (பதிவுகளைக் கோப்பில் எழுதுவது) மூட வேண்டும். ரிமூவ் ஹேண்ட்லர் கழற்றும், அவ்வளவுதான், மூடாது. லிசனரின் ஸ்டாப்பும் மூடாது.

ஊட்டி:
அந்த வரிசை தவறினால்: அப்பென்ட் மோடில் (கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதும் முறை) உள்ள ஃபைல் ஹேண்ட்லர், மூடிய பிறகு ஒரு பதிவு வந்தால் கோப்பை மறுபடி திறந்துகொள்ளும். விண்டோஸில் தற்காலிக ஃபோல்டரை அழிக்க முடியாமல் பிழை வரும். யாரும் ஹேண்ட்லரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

குன்னூர்:
டெஸ்ட் முடிந்ததும் சுத்தம் செய்ய, டியர்டவுனை விட ஆட் கிளீனப் (சுத்தம் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பதிவது) மேல், சார். செட்டப் பாதியில் விழுந்தாலும் அதுவரை பதிந்தவை ஓடும். கடைசியாகப் பதிந்தது முதலில் ஓடும் என்பதால் ஃபைல் ஹேண்ட்லரின் க்ளோஸை முதலிலும், லிசனரின் ஸ்டாப்பை அடுத்தும் பதியுங்கள்.

எந்த த்ரெட் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியாவிட்டால், பைத்தானின் ஃபால்ட்ஹேண்ட்லரில் உள்ள டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டரை (குறித்த நேரம் கழித்து எல்லா த்ரெட்களும் நிற்கும் இடத்தைக் காட்டும்) 20 நொடிக்கு வைத்து ஓட்டிப் பாருங்கள்.