குழாய் நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டிருக்கிறீர்களா? அனுபவத்தை எழுதுங்கள்

நாகர்கோவில், வடசேரி

கேரள எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை கூடும் என்பது நம் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரளம் சமூகப் பாதுகாப்புக்கென்று 2 ரூபாய் கூட்டியது. அதனால் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே வாய் முட்ட நிரப்பிக்கொண்டு போவது நமக்கு ஊறிப்போன பழக்கம்.

போன சித்திரையில் குடும்பத்தோடு எர்ணாகுளம் கிளம்பினோம். வழியில் ஒரு பங்கில் நிறுத்தி "ஃபுல்" என்றேன். குழாய் 'டக்' என்று தானாக நின்றது. ஊழியர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னும் பிடிக்கும் தம்பி, 1,800 ஆக்கிவிடுங்கள்" என்றேன். அழுத்தினார், நின்றது. மறுபடி அழுத்தினார், நின்றது. மூன்றாவது அழுத்தில் பெட்ரோல் பொங்கி, பின்சக்கரத்துக்கு மேலே தகட்டில் வழிந்து, அவருடைய கால்சட்டையை முழங்காலிலிருந்து நனைத்துவிட்டது.

பின் இருக்கையில் கண்ணாடியை இறக்கி வைத்திருந்த மகள், "அப்பா, கண் எரிகிறது" என்றாள். பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரை உதைக்கக் காலைத் தூக்கினார். "யாரும் வண்டியை எடுக்காதீர்கள்!" என்று ஊழியர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் காரையும் கிளப்ப விடவில்லை. நியூட்ரலில் வைத்து நான்கு பேராகத் தள்ளி நகர்த்தினோம். சிவப்பு வாளியிலிருந்து மணலை அள்ளிக் கொட்டினார்கள். வெள்ளை மணல் கண்முன்னே கறுத்தது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து ஓடும். எங்கோ தள்ளி எழும் பொறிகூட அதைப் பற்றவைக்கப் போதும். இதை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தவறு அந்த ஊழியருடையது அல்ல, கேட்டவன் நான். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆரல்வாய்மொழி

பங்கில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன், அண்ணா. குழாய் முனையின் ஓரத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் ஓடும்போது அதன் வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மட்டம் உயர்ந்து பெட்ரோல் அந்தத் துளையை மூடினால் காற்று நின்று, உள்ளே உறிஞ்சும் விசை கூடி, கைப்பிடி தானே விடுபடும். அந்தச் சத்தம்தான் நீங்கள் கேட்டது. அதாவது மட்டம் ஏற்கெனவே கழுத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் அழுத்தினால் போவதற்கு இடம் ஏது?

முனையைப் பாதி மட்டும் செருகினாலும் சாய்த்துப் பிடித்தாலும் நேரத்துக்கு நிற்காமல் தெறிக்கலாம். முழுதாகச் செருக வேண்டும். நின்ற பிறகு பத்து எண்ணும் வரை உள்ளேயே விட்டு வைத்தால், குழாயில் தங்கிய பெட்ரோல் வடிந்துவிடும். பிறகு முனையை மேல்நோக்கித் தூக்கியபடி எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று. அவசரமாக உருவினால் வடியும் சொட்டுகள் நேராக முகத்தில் விழும். எனக்குக் கண்ணில் பட்டு ஒரு மணி நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறேன்.

பின்னால் பத்து வண்டி நின்று ஹாரன் அடித்தால் பத்து எண்ண யாருக்கும் பொறுமை வருவதில்லை. "அண்ணே, நின்றவுடன் விட்டுவிடுங்கள்" என்று வண்டிக்காரரே சொன்னால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதி. முழுத் தொகைதான் வேண்டுமென்றால், முதலிலேயே "1,500 ரூபாய்க்கு" என்று சொல்லுங்கள். டேங்கில் இடம் இருக்கும் வரை, எந்திரத்தில் பதிந்த தொகையோடு அதுவே நின்றுவிடும்.

தக்கலை

கார் மட்டுமல்ல, ஸ்கூட்டரிலும் இதே கதைதான். என் வண்டியில் டேங்க் மூடி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மாசியில் மண்டைக்காடு கோயில் கொடை விழாவுக்குப் போகும் வழியில் விளிம்பு வரை அடித்தேன். அங்கே வெயிலில், மணலில், பக்கத் தாங்கியில் சாய்த்து நிறுத்திவிட்டு வரிசையில் நின்றேன். திரும்பி வந்து இருக்கையைத் தூக்கினால் மூடியைச் சுற்றி ஈரம். உள்ளே வைத்திருந்த பொங்கல் அரிசிப் பையிலும் பெட்ரோல் நாற்றம். சுற்றிலும் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கிளப்பாமல் தெருமுனை வரை உருட்டிக்கொண்டே போனேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அந்த அரிசியைக் கோழிக்குக்கூடப் போடவில்லை.

மார்த்தாண்டம்

அக்கா சொன்னதற்குக் காரணம் சூடு. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோல் வெயிலில் பெருகும். 35 லிட்டர் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ அரை லிட்டர் கூடுகிறது. அதற்காகத்தான் டேங்கின் மேற்பகுதியில் இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள்.

நான் பட்டறை வைத்திருக்கிறேன். இன்றைய கார்களில் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா உண்டு. அது ஆவிக்கானது. கழுத்து வரை நிரப்பினால் அதற்குள் பெட்ரோலே இறங்கி, கரி கெட்டுப்போகிறது. "ஃபுல் அடித்தால் மட்டும் வண்டி கிளம்ப மறுக்கிறது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் மிச்சம் என்றால், அந்தக் கடைசி அரை லிட்டரில் மூன்று ரூபாய் மிஞ்சும். அந்த டப்பாவை மாற்றினால் ஆயிரக்கணக்கில் போகும்.

நாகர்கோவில், வடசேரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதே பங்குக்குப் போனேன், அதே தம்பிதான் நின்றார். குழாய் நின்றதும் "போதும்" என்றேன். 1,743 ரூபாய். 57 ரூபாய் சில்லறையை எண்ணித் தந்தார். அன்றைக்குக் காலில் பட்டதே, என்ன ஆயிற்று என்று கேட்டேன். தோல் உரிந்து ஒரு வாரம் எரிந்ததாம், இப்போது ஆறிவிட்டது என்றார்.