கோயாகுலேஷன்: உறைதலா, திரிதலா? (திங்களுக்குள் வேண்டும்)

அருமனை, பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கிலவழிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்காக வேதியியல் சொற்பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 120 சொல்லில் ஒன்றுதான் இடறுகிறது: கோயாகுலேஷன், அதாவது ரப்பர் பால் போன்றவை கட்டியாவது.

நேற்று ஒரு மாணவி ரப்பர் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். ஆசிட் ஊற்றினால் லேட்டெக்ஸ் (ரப்பர் பால்) ஃப்ரீஸ் ஆகிறதாம். அவள் வீட்டிலேயே ரப்பர் ஷீட் அடிக்கிறார்கள். அவள் பார்க்காத வேலையில்லை. உறைதல் என்றால் ஃப்ரீஸிங் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? நமக்குத் தண்ணீரும் உறையும், ரத்தமும் உறையும், தயிரும் உறையும். ஆங்கிலத்தில் தண்ணீர் ஃப்ரீஸ், ரத்தம் கிளாட், தயிர் செட். ரப்பர் பாலுக்கும் முட்டை வெள்ளைக்கருவுக்கும் கோயாகுலேட். பிள்ளை என்ன செய்வாள்?

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சொல் கைவசம் இருக்கிறது, டீச்சர். திரிதல்.

"பண்பிலான் பெற்ற பெருஞ்செல்வம் நன்பால்
கலந்தீமை யால்திரிந் தற்று" – குறள் 1000.

கலத்தின் குற்றம் பாலைத் திரிக்கிறது. அமிலம் செய்வதும் அதுவே. கெட்டுப்போதல் என்று யாரும் குழம்ப வேண்டாம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூலார் தனித்தனியாகத்தான் வைத்தார். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகையில் னகரம் கெடவில்லை, றகரமாகத் திரிந்தது. வேருக்குள் போனால் இன்னும் சுவை. முறுக்குவதால் விளக்குத்திரி, சுற்றுவதால் திரிகை. திரி, திரள் இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. கடையக் கடையத்தானே வெண்ணெய் திரளுகிறது? திரிபுரம் பற்றியும் ஒரு கருத்து உண்டு, தனிமடலில் எழுதுகிறேன்.

குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டக்காரர்

ஐயா மன்னிக்கணும். எங்கள் பக்கம் பால் திரிஞ்சு போச்சு என்றால் நட்டம். வெட்டின பாலைக் கொண்டு சேர்ப்பதற்குள் வாளியிலேயே கட்டி தட்டினால் அது திரிந்த பால். அதைத் தடுக்கத்தான் அமோனியா விடுகிறோம். ஷீட்டுக்கு அப்படியில்லை. பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, தண்ணீரில் கலக்கின ஃபார்மிக் ஆசிட்டை விட்டு, நுரையை வழித்து வைத்தால் மறுநாள் காலையில் உருளையில் கொடுக்கலாம். அது உறைந்த பால். சிரட்டையில் தானாகக் கட்டிப்பிடித்துக் கிடப்பது ஒட்டுப்பால், விலையே வேறு. மூன்றும் ஒன்றுதான் என்று புத்தகத்தில் போட்டால் வீட்டில் சிரிப்பார்கள்.

நாகர்கோவில், கல்லூரி வேதியியல் பேராசிரியர்

அண்ணாச்சி, விலை மூன்றானாலும் வேதியியலுக்கு அது ஒன்றுதான். ரப்பர் துகளின் மேல் படிந்திருக்கும் புரதமும் கொழுப்பும் அதற்கு எதிர்மின்னூட்டம் தருகின்றன. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் விட்டால் அந்த மின்னூட்டம் தணிந்து, ஒட்டிக்கொள்கின்றன. சிரட்டையில் பாக்டீரியாவே அமிலத்தை உண்டாக்கிவிடும்.

ஃப்ரீஸிங் என்பது வெப்பம் வெளியேறித் திரவம் திடமாவது. நம் ஊரில் பனிக்கட்டியைத் தேடிப் போக வேண்டாம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய்க் குப்பியைப் பாருங்கள். வெயிலில் வைத்தால் எண்ணெய் திரும்பிவிடும். ஷீட்டை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் பால் திரும்பாது. டீச்சர், வகுப்பில் இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சொல்லுக்கு என் யோசனை: திரளுதல்.

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்

திரளுதலைத் தொடாதீர்கள் சார். குடிநீர்ச் சுத்திகரிப்பு நூல் ஒன்றில் ஃப்ளாக்குலேஷனுக்கு அதைப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். படிகாரம் மின்னூட்டத்தைத் தணிப்பது முதல் கட்டம். மெதுவாகக் கலக்கும்போது துகள்கள் பெரிய பொதிகளாகச் சேர்வது அடுத்த கட்டம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பழைய கதைதான்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். லத்தீனில் கோயாகுலும் என்றால் பாலைக் கட்டியாக்க அதில் விடும் பொருள். நம் உறைமோர் மாதிரி! அவர்களும் அடுக்களையிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஆகவே, உறைகுத்தல்.

நாகர்கோவில்

முட்டை அவிக்கும்போது எங்கே உறை குத்தினீர்கள்?

தக்கலை

படிகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிப்பது போலத் தலைவி தெளிந்தாள் என்று நெய்தற்கலி பேசும். அந்த ஃப்ளாக்குலேஷனுக்குத் தேற்றல் என்று வைத்தால் என்ன? திரளுதல் என்ற சொல்லும் மீளும், திரிதலும் நிலைக்கும்.

குளச்சல், இப்போது துபாய்

கோயாகுலேஷன் என்றே எழுதிவிட்டால் என்ன? ஆக்ஸிஜன் என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்.

தக்கலை

அப்படியானால் பட்டியல் எதற்கு, தம்பி? இடப்பக்கத்தையே வலப்பக்கமும் அச்சடித்துவிடலாம்.

அருமனை

ஞாயிறு இரவு பதினொன்று ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன். ரப்பர் பால் போல நுண்துகள் மிதக்கும் திரவம் கூழ்மம் என்பதால், கோயாகுலேஷனுக்கு நான் யோசித்த 'கூழ்ம உறைதல்' என்பதற்கு என்னையும் சேர்த்து நாலு பேர். ஐயா மட்டும் திரிதல். துபாய்த் தம்பிக்கு எதுவானாலும் சரி. ஃப்ரீஸிங்கைக் 'குளிர் உறைதல்' என்று பிரித்து வைக்கிறேன்.

நாகர்கோவில்

கூழ்ம உறைதலுக்கு அரைமனதாகச் சம்மதம். ரத்தம் உறைவது வேறு கதை, அதை இதில் சேர்க்காதீர்கள். ஆனால் குளிர் உறைதல் வேண்டாம். உருகிய இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உறைகிறது. அதில் என்ன குளிர்?

அருமனை

சரி, அது வெறும் உறைதலாகவே இருக்கட்டும். தேங்காயெண்ணெய், ஷீட் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் கட்டம் போட்டுச் சேர்த்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

குலசேகரம் பக்கம்

ஒட்டுப்பாலையும் கட்டத்தில் போட்டீர்களா டீச்சர்?

அருமனை

போட்டேன் அண்ணாச்சி.

தக்கலை

மகிழ்ச்சி. அடைப்புக்குறிக்குள்ளாவது திரிதல் என்று இருக்கிறதா?

அருமனை

இடமில்லை ஐயா. ஒட்டுப்பால் எடுத்துக்கொண்டது.