கூட்டாக வரலாறு எழுதும் குழுவின் ஐந்தாம் ஆண்டு நிறைவை எப்படிக் கொண்டாடலாம்?

கேள்வி:
வரலாற்றில் ஆர்வமுள்ள ஒன்பது பேர் சேர்ந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்து வெளியிட்டு வருகிறோம். வரும் மாதம் இம்முயற்சிக்கு ஐந்து ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதிகம் வாசிக்கப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்துச் சிறப்பு மலர் கொண்டுவரலாம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். அது தற்புகழ்ச்சியாகிவிடுமோ என்பது என் தயக்கம். தொடங்கிய நாளாக எதைக் கொள்வது என்பதும் முடிவாகவில்லை: எழுதுவதென்று தீர்மானித்த நாளையா, முதல் கட்டுரை வெளியான நாளையா?

மறுமொழி 1:
வெளியான நாளையே கொள்ளுங்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களான மார்க் பிளாக்கும் லூசியன் பெவ்ரும் புதிய வரலாற்று இதழ் ஒன்றைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆலோசித்திருந்தபோதும், 'அன்னால்' இதழின் வயது 1929 ஜனவரியில் வெளிவந்த முதல் இதழிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது.

மறுமொழி 2:
மலர் வரட்டும், ஆனால் அதன் முதற்பகுதி பிழைதிருத்தமாக இருக்கட்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதியவற்றை, எழுதியவரும் சரிபார்த்தவரும் அல்லாத மூன்றாம் நபர் ஒருவர் மீண்டும் படிக்க வேண்டும். பலரும் நம்பி எழுதிவிடுகிற செய்திகளில்தான் பிழை பதுங்கியிருக்கும். கலிலியோ மறைந்த 1642ஆம் ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கலிலியோ இறந்த ஜனவரி 8, இத்தாலியில் வழங்கிய கிரிகோரியன் நாட்காட்டிக்குரியது. நியூட்டன் பிறந்த டிசம்பர் 25, இங்கிலாந்து 1752 வரை கைவிடாத, அப்போது பத்து நாள் பின்தங்கியிருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிக்குரியது. இரண்டையும் கிரிகோரியன் கணக்கில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஜூலியன் கணக்கில் வைத்தாலோ கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஆண்டு வரவில்லை. இத்தகைய பிழையைச் சத்தமின்றி மாற்றிவிடாமல், முன்பு எழுதியிருந்தது என்ன, எப்போது, ஏன் மாற்றினோம் என்று கட்டுரையின் அடியிலேயே குறிப்பிடுங்கள்.

மறுமொழி 3:
மலரில் சரிபார்த்தவர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும். 1751இல் வெளிவரத் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் என்றதும் அதன் பதிப்பாசிரியர்களான தித்ரோவும் தலம்பேரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதில் ஏறத்தாழ 17,000 கட்டுரைகளை, அதாவது மொத்தத்தில் சுமார் நான்கில் ஒரு பங்கை, எழுதியவர் லூயி த ஜோகூர் என்பதை எத்தனை பேர் அறிவர்? கூட்டு முயற்சிகளில் இது வாடிக்கையாகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாள் முடிவாகிவிட்டது; மலரில் பெயர்களும் சேரும். நேற்றிரவு பழைய கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். கலிலியோ, நியூட்டன் பற்றிய அதே வாக்கியம் எங்கள் இரண்டாவது கட்டுரையிலேயே இருக்கிறது. அதைச் சரிபார்த்தவன் நான்தான்.